பழகிய வெயில், பழகாத நாடு

நுழையும்முன்

விடுமுறைக்காகக் கடல் கடந்து செல்வது இன்று பலருக்கும் எட்டும் செயலாகிவிட்டது. கோவையிலிருந்து புறப்படுவோர் பலர் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற வெப்ப நாடுகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். ‘நமக்குப் பழகிய வெயில்தானே, நம் மக்கள் வாழும் இடந்தானே’ என்று எண்ணி ஏற்பாடுகளைக் குறைத்துக்கொள்வோரும் உண்டு. அவ்வெண்ணம் எங்கெல்லாம் ஏமாற்றிவிடும் என்பதையும், புறப்படும்முன் செய்துகொள்ள வேண்டியவை எவை என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

வழி சொல்லும் மரபு

பத்துப்பாட்டு நூல்களுள் ஐந்து, ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிரே வறுமையோடு வரும் கலைஞருக்கு வள்ளலிடம் செல்லும் வழியை எடுத்துரைப்பது அவ்வகையின் பொதுவான அமைப்பு. அவற்றுள் கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம், நன்னனின் நாட்டிற்குச் செல்லும் வழியில் கிடைக்கும் உணவையும் விருந்தோம்பலையும் கூறுகிறது. அவற்றோடு, வழுக்கும் பாறைகள், பன்றிக்கு வைத்த பொறிகள், தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கற்கள் ஆகிய இடர்களையும் கூறி எச்சரிக்கிறது. இன்பத்தையும் இடரையும் சேர்த்துச் சொல்வதே நல்ல வழிகாட்டல் என்பதைத் தமிழர் அன்றே உணர்ந்திருந்தனர்.

கொங்கு நாட்டிற்கும் நெடுவழிப் பயணம் புதியதன்று. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் நடைபெற்ற அகழாய்வுகள், அவ்வூர் மணிக்கற்களை அணிகளாகச் செய்யும் தொழிற்கூடமாக விளங்கியதைக் காட்டின. கோவையை அடுத்த வெள்ளலூரில் உரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்துள்ளன. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக் கடற்கரைத் துறைமுகங்களோடு இப்பகுதி வணிகத் தொடர்பு கொண்டிருந்தது. அன்று பல நாள் நடந்தும் கலமேறியும் சென்ற தொலைவை, இன்று பீளமேட்டு விமான நிலையத்தில் ஏறுவோர் சில மணி நேரத்தில் கடக்கின்றனர். பயண நேரம் குறைந்துவிட்டது. செல்லும் இடத்தைப் பற்றி அறிய வேண்டிய தேவை குறையவில்லை.

வெப்பத்தின் இருவகை

கோவை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று அதன் வெப்பத்தைத் தணிக்கிறது. சிங்கப்பூரோ, நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய ஒரு பாகையில், கடல் சூழ்ந்த தீவாக உள்ளது. அங்கு ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 31 முதல் 33 செல்சியஸ் பாகை அளவில் இருக்கும். கோவையின் ஏப்ரல் வெயிலோடு ஒப்பிட்டால் இந்த எண் சிறியதாகத் தோன்றும். ஆனால், அந்நாட்டின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டது. ஆண்டு மழையளவு சுமார் 2,100 மில்லிமீட்டர். கோவை நகரில் பெய்வதைப்போல இது ஏறத்தாழ மூன்று மடங்காகும்.

மனித உடல் வியர்வையினால் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர எளிதில் ஆவியாகாது. உடல் வெப்பம் தணியாமலே நீரும் உப்பும் வெளியேறும். அதனால்தான் உலர்ந்த காற்றில் நாள் முழுவதும் நடந்து பழகியவர்கூட அங்கு இரண்டு மணி நேர நடையில் தளர்ந்துவிடுகிறார். தலைவலி, தசைப்பிடிப்பு, மயக்கம் ஆகியன முதல் அறிகுறிகள். உடல் வெப்பம் 40 பாகையை எட்டி, பேச்சும் நினைவும் குழறினால் அது வெப்பத்தாக்கு. உடனடி மருத்துவம் இல்லையெனில் உயிருக்கே கேடாகும்.

ஆதலின், முதல் இரண்டு நாள்களில் வெளியே சுற்றும் நேரத்தைக் குறைத்து, உடல் பழகியபின் கூட்டிக்கொள்ள வேண்டும். நண்பகலை அருங்காட்சியகம் போன்ற உள்ளரங்குகளில் கழிக்கலாம். தளர்வான பருத்தி ஆடைகள் ஏற்றவை. ஈரக்காற்றில் துவைத்த பருத்தியாடை விரைவில் உலராது என்பதால், கூடுதலாக இரண்டு உடைகள் வேண்டும். கட்டடங்களின் உள்ளே குளிரூட்டிகள் கடுமையாக இயங்குவதுண்டு. மெல்லிய சால்வை ஒன்று உதவும். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களையும் எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு லிட்டர் நீருக்கென அளவிட்ட பொட்டலத்தை அந்த அளவு நீரிலேயே கரைக்க வேண்டும். குறைந்த நீரில் கரைத்தால் உப்பின் செறிவு மிகும்.

ஆவணங்கள்

வெளிநாட்டுப் பயணத்தின் அடிப்படை ஆவணம் கடவுச்சீட்டு ஆகும். கோவையில் இயங்கும் மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகம், கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி உள்ளிட்ட மாவட்டங்களின் மக்களுக்குப் பணியாற்றுகிறது. பெரியவர்களின் கடவுச்சீட்டு 10 ஆண்டுகள் செல்லும். 18 வயது நிரம்பாதோருக்கு, 5 ஆண்டுகள் அல்லது 18 வயது நிறையும் நாள், இவற்றுள் எது முந்தியதோ அதுவரை செல்லும். 15 வயது கடந்தவர் 10 ஆண்டுக் கடவுச்சீட்டும் கோரலாம். மேல்நிலை மாணவர்கள் இவ்வகையினர். ஆண்டுக்கணக்கு மீதமிருக்கிறது என்று எண்ணிக் காலாவதி நாளைப் பாராமலிருப்பது பெரும்பிழை. பல நாடுகள், தம் எல்லைக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதங்களேனும் கடவுச்சீட்டு செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என எதிர்பார்க்கின்றன. அந்நிபந்தனை நிறைவேறாவிட்டால் புறப்படும் விமான நிலையத்திலேயே பயணி தடுத்து நிறுத்தப்படுவார்.

நுழைவிசைவு நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியர் சிங்கப்பூர் செல்ல முன்கூட்டியே இசைவு பெற வேண்டும். மலேசியா, 2023 டிசம்பர் முதல் இந்தியச் சுற்றுலாப் பயணியருக்கு 30 நாள்கள் வரை இசைவின்றித் தங்கும் சலுகையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இவ்விரு நாடுகளும் இசைவைத் தவிர, வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையவழி வருகைப் படிவத்தையும் நிரப்புமாறு கேட்கின்றன. இவ்விதிகள் அடிக்கடி மாறுவன. சென்ற ஆண்டு சென்று வந்த உறவினர் சொல்வதைக் கேட்டு அமைந்துவிடாமல், அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்வதே பாதுகாப்பானது.

சுற்றுலா இசைவில் சென்று வேலை பார்ப்பது குற்றம். ‘முதலில் சுற்றுலாவாக வந்துவிடு, வேலை பிறகு முடித்துத் தருகிறேன்’ என்று ஆசை காட்டும் முகவர்களை நம்பித் தாய்லாந்து வரை சென்றவர்கள், மியான்மரின் இணையமோசடிக் கூடங்களில் அடைபட்ட நிகழ்வுகள் அண்மைக்காலத்தில் வெளிவந்துள்ளன. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதை இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

கடவுச்சீட்டு அதனை வைத்திருப்பவரின் உடைமையன்று. 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி அது நடுவண் அரசின் உடைமை. ஆகவே, அதனை அடகு வைப்பதோ, பிறரிடம் ஒப்படைத்துவிடுவதோ முறையன்று. அதன் படிகளை மூலத்தோடு சேர்த்து வைக்காமல் வேறு பையிலும், மின்னஞ்சலிலும் வைத்துக்கொண்டால் தொலைந்தபோது கைகொடுக்கும்.

உடல்நலம் காத்தல்

பயணத்திற்கு ஆறு வாரங்கள் முன்னதாகவே மருத்துவரைக் கலந்துகொள்வது நல்லது. டெங்குக் காய்ச்சல் தமிழ்நாட்டில் உள்ளதைப்போலவே சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உண்டு. அதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். இரவில் கொசுவலை கட்டுவது மட்டும் போதாது. முழுக்கை ஆடையும் கொசுவிரட்டிக் களிம்பும் தேவை. காய்ச்சல் கண்டால் பாராசிட்டமால் கொள்ளலாம்; ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை டெங்குவில் குருதிக்கசிவைத் தூண்டுவதால் தவிர்க்க வேண்டும். ஊர் திரும்பியபின் இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், சென்று வந்த நாட்டின் பெயரை மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும்.

கென்யா, உகாண்டா போன்ற ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்வோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கான சான்றிதழ், ஊசி போட்ட 10 நாள்களுக்குப் பின்னரே செல்லத்தக்கதாகும். 2016ஆம் ஆண்டு முதல் அது வாழ்நாள் முழுமைக்கும் ஏற்கப்படுகிறது. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனம் இவ்வூசியைச் செலுத்தும் மையங்களுள் ஒன்று. சான்றிதழ் இல்லாமல் அந்நாடுகளிலிருந்து திரும்புவோர் இந்திய விமான நிலையத்தில் 6 நாள்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம். இக்கண்டிப்புக்குக் காரணம் உண்டு. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இல்லை. ஆனால், அதனைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசு இங்கே நிறைந்துள்ளது. நோயுற்ற ஒருவர் வந்துசேர்ந்தால் ஊரே ஆபத்துக்குள்ளாகும். எனவே, ஒருவர் போட்டுக்கொள்ளும் ஊசி அவருக்கு மட்டுமன்றி அவருடைய அண்டை வீட்டாருக்கும் காவலாகிறது.

நீரிழிவு, குருதியழுத்தம் உடையோர் பயண நாள்களுக்கும் மேலாக ஒரு வாரத்திற்கான மருந்தை உடன் கொண்டுசெல்ல வேண்டும். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் வைத்தால் உறைந்து கெடக்கூடும்; கைப்பையிலேயே வைக்க வேண்டும். இங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடு அயல்நாட்டு மருத்துவமனையில் பயன்படாது என்பதால் பயணக் காப்பீடு இன்றியமையாதது. ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் தெரிவித்தே அதனைப் பெற வேண்டும். மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படும்.

பெட்டிக்குள் இருப்பது

பழகிய பொருள் எனும் எண்ணம் பெட்டி கட்டும்போதுதான் மிகுதியாக ஏமாற்றுகிறது. கொங்கு நாட்டுக் குருமாவில் அரைத்துச் சேர்க்கும் கசகசா, அபினிச் செடியின் விதையாகும். அதனை ஐக்கிய அரபு அமீரகத்திற்கோ சிங்கப்பூருக்கோ கொண்டுசெல்லக் கூடாது. வீட்டுச் சமையலறையில் மசாலாப்பொருளாக இருப்பது, அங்கே போதைப்பொருள் சட்டத்திற்கு உட்பட்டதாகிவிடுகிறது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் என்னும் வலிநீக்கி, சிலவகைத் தூக்க மாத்திரைகள் ஆகியவற்றுக்கு முன்அனுமதி தேவைப்படும். எம்மருந்தாயினும் அதன் மூல உறையோடும் மருத்துவரின் பரிந்துரைச் சீட்டோடும் எடுத்துச் செல்ல வேண்டும். மெல்லும் புகையிலைக்கும் மின்சிகரெட்டுக்கும் சிங்கப்பூரில் தடை உள்ளது. சூயிங்கம் இறக்குமதி 1992 முதல் அங்குத் தடைசெய்யப்பட்டுள்ளது.

காங்கயம் வட்டாரக் களங்களில் வெயிலில் காயும் கொப்பரையையும் விமானத்தில் கொண்டுசெல்ல இயலாது. எண்ணெய்ச்சத்து மிக்க அது, தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருளாகப் பன்னாட்டு விதிகளில் வகைப்படுத்தப்பட்டுள்ளது. ஊறுகாய் நீர்மமாகக் கருதப்படும். கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கொள்கலத்தில் நீர்மம் வைக்கக் கூடாது. கைப்பேசிக்கான மின்சேமிப்பி, இதற்கு மாறாக, கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும்.

எல்லாவற்றினும் மேலான எச்சரிக்கை ஒன்று உண்டு. ‘அங்கே ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்’ என்று பிறர் தரும் பொட்டலத்தை, உள்ளிருப்பதைத் தாமே பார்த்து அறியாமல் வாங்கக் கூடாது. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேற்பட்ட ஹெராயினைக் கடத்துவது மரண தண்டனைக்குரிய குற்றம். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என மெய்ப்பிக்கும் பொறுப்பு, பையைச் சுமந்தவர் மீதே சுமத்தப்படுகிறது. முகத்தாட்சணியத்திற்காக ஒரு பொட்டலத்தை வாங்குவது உயிரையே பணயம் வைப்பதாகலாம்.

பணமும் தொடர்பும்

வெளிநாட்டு நாணயத்தை, இந்திய ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற மாற்றகங்களிலோ வங்கிகளிலோ பற்றுச்சீட்டுடன் பெற வேண்டும். வங்கி அட்டை வெளிநாட்டில் இயங்குமாறு புறப்படும்முன் வங்கியில் அனுமதித்துக்கொள்ள வேண்டும். ரொக்கம், அட்டை இரண்டையும் ஒரே பையில் வைக்கலாகாது.

சிங்கப்பூரின் மின்னழுத்தம் இந்தியாவைப் போலவே 230 வோல்ட்டு. ஆனால், அங்குள்ள மின்செருகி தட்டையான மூன்று முனைகளை உடையது. நம் உருண்டை முனைகள் அதில் பொருந்தா. சிறிய இணைப்பி ஒன்று இல்லாமையால் கைப்பேசி அணைந்துபோனால், தங்குமிட முகவரியும் தொடர்பெண்ணும் அதனோடே மறைந்துவிடும். ஆகவே, அவற்றைத் தாளிலும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் காவல்துறைக்கு 999, மருத்துவ ஊர்திக்கு 995 என்ற எண்களை அழைக்கலாம். அந்தந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் எண்ணும் அத்தாளில் இடம்பெற வேண்டும்.

திரும்பி வந்தவரின் கடமை

சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. அறிவிப்புப் பலகையில் தாய்மொழியைக் காணும்போது தமிழ்நெஞ்சம் மகிழ்வது இயல்பே. எனினும், மொழி நம்முடையதாக இருப்பதால் சட்டமும் நம்முடையதாகிவிடாது. வெயில் பழகியதாக இருப்பதால் காற்றும் பழகியதாகிவிடாது. ஒற்றுமையைக் கண்டு மகிழ்ந்து, வேற்றுமையை அறிந்து நடப்பவருக்கே பயணம் இனிதாக முடியும். அவ்வாறு சென்று திரும்பியவர், அங்குக் கண்ட அழகுகளோடு, தாம் பட்ட இடர்களையும் அடுத்துச் செல்வோருக்குச் சொல்ல வேண்டும். அதுவே ஆற்றுப்படை மரபை இக்காலத்திலும் காப்பதாகும்.

கற்பவை கற்றபின்...

1. முதன்முறையாகச் சிங்கப்பூர் செல்லவிருக்கும் தாத்தா, பாட்டிக்கு வழிகாட்டும் முறையில் ‘உரைநடை ஆற்றுப்படை’ ஒன்றை ஒருபக்க அளவில் எழுதுக.

2. உங்கள் வீட்டுச் சமையலறையிலும் மருந்துப் பெட்டியிலும் உள்ள பொருள்களைப் பட்டியலிட்டு, அயல்நாட்டிற்குக் கொண்டுசெல்லும்முன் விசாரித்தறிய வேண்டியவற்றைக் குறித்துக் காட்டுக.

3. ‘ஒருவர் போட்டுக்கொள்ளும் தடுப்பூசி ஊருக்கே காவல்’ – வகுப்பில் கலந்துரையாடுக.