கிம்ஜாங்: கொரியக் குடும்பங்களின் குளிர்காலத் தொடுகறி

கிம்ஜாங் என்பது, குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய கிம்ச்சியைக் கொரிய மக்கள் ஒன்றுகூடிச் செய்து, பங்கிட்டு, சேமித்து வைக்கும் வழக்கம் ஆகும். இலையுதிர்காலத்தின் முடிவில், பெரும்பாலும் நவம்பர் மாதத்திலும் டிசம்பர் தொடக்கத்திலும் இது நடைபெறுகிறது. கிம்ச்சி என்பது காய்கறிகளை உப்பிட்டு, மசாலா சேர்த்து, நொதிக்க வைத்துச் செய்யும் தொடுகறி. கொரிய உணவில் சோறும் சூப்பும் முதன்மையானவை. அவற்றுடன் சிறு தட்டுகளில் வைக்கப்படும் தொடுகறிகளைப் பான்சான் என்பர். பிற பான்சான்கள் நாளுக்கு நாள் மாறலாம். கிம்ச்சி மட்டும் ஏறக்குறைய எல்லா வேளையும் இடம்பெறும்.

தோன்றிய காரணம்

கொரியத் தீபகற்பத்தில் குளிர்காலம் கடுமையானது. சியோல் நகரில் சனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருக்கும். நிலம் உறைந்துவிடுவதால் பல மாதங்களுக்குப் பச்சைக் காய்கறி விளையாது. குளிர்பதன வசதியும் பசுமைக்குடில்களும் இல்லாத காலத்தில், அறுவடையான முட்டைக்கோசையும் முள்ளங்கியையும் அடுத்த வசந்தம் வரை கெடாமல் காப்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாழ்க்கைத் தேவையாக இருந்தது. கிம்ஜாங் சரியாக அமையாவிட்டால், அக்குளிர்காலம் முழுவதும் சோற்றுக்குத் துணையின்றித் திண்டாட நேரிடும்.

கிம்ச்சியின் இன்றைய சிவப்பு நிறம் பழமையானது அன்று. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய பயிர். 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே கொரியாவுக்கு வந்தது. அதற்கு முன் காய்கறிகள் உப்பிலும் பிற வாசனைப் பொருள்களிலுமே ஊறவைக்கப்பட்டன.

செய்முறை

இதற்கான ஆயத்தம் ஆண்டு முழுவதும் நடக்கும். வசந்த காலத்தில் இறால், நெத்திலி போன்றவற்றை உப்பிட்டு ஊறவைப்பர். கோடையில் கடலுப்பை வாங்கி, அதன் கசப்பு நீர் வடிய விடுவர். கோடை முடிவில் மிளகாயைக் காயவைத்து இடிப்பர். குளிர் தொடங்கியதும் நாள் குறித்து வேலையைத் தொடங்குவர்.

1. உப்பிடுதல்: நீண்ட இலைகளைக் கொண்ட நாபா முட்டைக்கோசை நீளவாக்கில் பிளந்து, உப்புநீரில் ஓர் இரவு ஊறவைப்பர். லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் உப்புச் சேர்ப்பது வழக்கம். தடித்த தண்டுப் பகுதியும் ஒடியாமல் வளையும் பதம் வந்ததும், சில முறை கழுவி நீரை வடிப்பர்.

2. மசாலா கலத்தல்: முள்ளங்கிக் கீற்று, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள், உப்பிட்ட இறால் அல்லது நெத்திலிச் சாறு ஆகியவற்றைச் சேர்ப்பர். மசாலா இலையில் ஒட்ட, அரிசி மாவுக் கஞ்சியும் கலப்பதுண்டு.

3. பூசுதல்: முட்டைக்கோசின் ஒவ்வோர் இலையையும் விலக்கி உள்ளே மசாலாவைத் தடவுவர். பின் வெளி இலையால் சுற்றிப் பொட்டலம் போலாக்கி, காற்று தங்காதபடி சாடியில் அழுத்தி அடுக்குவர்.

வெப்பமான தென்பகுதிகளில் உப்பும் மீன்சாறும் கூடுதலாகவும், குளிர் மிகுந்த வடபகுதிகளில் அவை குறைவாகவும் சேர்க்கப்படும்.

நொதித்தல் நிகழும் விதம்

உப்பு காய்கறியிலுள்ள நீரை வெளியேற்றி, அழுகச் செய்யும் பல நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. உப்பைத் தாங்கக்கூடிய லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தொடக்கத்தில் லியூகோனோஸ்டாக் வகை பெருகி, அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். புதுக் கிம்ச்சியை உண்ணும்போது நாவில் தோன்றும் மெல்லிய சுறுசுறுப்பு இந்த வாயுவால் வருவது. தமிழர் வீடுகளில் இட்லி மாவு பொங்குவதிலும் இதே வகை பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு. பின்னர் அமிலத்தை மேலும் தாங்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் மேலோங்க, புளிப்பு ஏறும்.

இதில் குளிர்தான் கட்டுப்பாட்டுக் கருவி. வெப்பம் மிகுந்தால் சில நாள்களிலேயே கிம்ச்சி அளவுமீறிப் புளித்துவிடும். உறைந்துவிட்டால் இலைகள் குழைந்து சுவை கெடும். எனவே ஓங்கி எனப்படும் மண்சாடிகளைக் கழுத்துவரை நிலத்தில் புதைத்தனர். மண்ணுக்குள் வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலே ஏற்ற இறக்கம் குறைந்து இருந்ததால், நொதித்தல் நின்றுவிடாமலும் விரைந்துவிடாமலும் மாதக்கணக்கில் மெதுவாக நடந்தது. காய்கறி கிடைக்காமல் செய்த அதே குளிர், காய்கறியைக் காக்கவும் பயன்பட்டது.

பகிர்வு

பெரிய குடும்பம் ஒன்றுக்கு நூறு முட்டைக்கோசு வரை தேவைப்பட்டது. இரண்டு கைகளால் முடியாத வேலை என்பதால், புமாசி எனப்படும் கைமாற்று உழைப்பு முறையில் அண்டை வீட்டினர் முறைவைத்து ஒருவருக்கொருவர் உதவினர். வேலை முடிந்த அன்று, அவித்த பன்றியிறைச்சியைப் புதுக் கிம்ச்சியுடன் எல்லாரும் சேர்ந்து உண்பது வழக்கம். உதவியவர்களுக்கும், செய்ய இயலாத முதியோர், வறியோர் வீடுகளுக்கும் பங்கு போகும். செய்முறை மாமியாரிடமிருந்து மருமகளுக்குச் சென்றது. உழைப்பின் பெருஞ்சுமையும் பெண்கள் மீதே விழுந்தது.

குளிர்கால உணவுகள்

கிம்ச்சி நாள்பட நாள்பட அதன் பயன் மாறும். புதிதாக இருக்கும்போது சோற்றுக்குத் தொட்டுக்கொள்வர். நன்கு புளித்ததைப் பன்றியிறைச்சி, தோஃபு சேர்த்துக் கொதிக்கவைத்தால் கிம்ச்சி ஜிகே என்னும் சூடான குழம்பு கிடைக்கும். இதற்குப் புதுக் கிம்ச்சியை விடப் பழையதே ஏற்றது. சோற்றுடன் வதக்கியும், மாவில் கலந்து அடை போலச் சுட்டும், கொழுக்கட்டை போன்ற மாண்டுவில் பூரணமாக வைத்தும் உண்பர். முள்ளங்கியை உப்புநீரில் ஊறவைத்துச் செய்யும் தோங்சிமியின் குளிர்ந்த சாறும் குளிர்காலத்துக்கு உரியது.

இன்றைய நிலை

அடுக்குமாடி வீடுகள் பெருகியதும் சாடி புதைக்க மண் இல்லாமல் போனது. அதற்கு ஈடாக 1990களில் கிம்ச்சிக்கென்றே குளிர்பதனப் பெட்டிகள் பரவின. மண்ணுக்குள் இருந்த நிலையான குளிரைத் தருவதே அவற்றின் நோக்கம். உப்பிட்ட முட்டைக்கோசை வாங்கிப் பூசுவோரும், ஆயத்தக் கிம்ச்சியையே வாங்குவோரும் பலர். ஆயினும் இதன் இன்றியமையாமை குறையவில்லை. 2010ஆம் ஆண்டு மோசமான வானிலையால் முட்டைக்கோசு விளைச்சல் சரிந்து விலை பன்மடங்கு உயர்ந்தபோது, தென்கொரிய அரசு அதன் மீதான இறக்குமதி வரியைத் தற்காலிகமாக நீக்க வேண்டியதாயிற்று.

தென்கொரியாவின் கிம்ஜாங் 2013ஆம் ஆண்டிலும், வடகொரியாவின் கிம்ச்சி செய்யும் மரபு 2015ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோவின் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அரசியலால் பிரிந்த இரு நாடுகளும் தனித்தனியே பதிவு செய்த பொது மரபு இது. தென்கொரியாவின் பதிவில் செய்தலுடன் பகிர்தலும் சேர்த்தே குறிக்கப்பட்டுள்ளது.