சுண்டு விரலில் ஒரு புள்ளி

போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாளில் நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு மருந்து விடுகிறார்கள். அடுத்த நொடி, அக்குழந்தையின் இடது கைச் சுண்டு விரலைப் பிடித்து, நகமும் தோலும் சேரும் இடத்தில் மையால் ஒரு புள்ளி வைக்கிறார்கள். அழும் குழந்தையை அம்மா சமாதானப்படுத்திக்கொண்டே எழுந்து போகிறார். வேலை முடிந்தது.

மருந்து உள்ளே போய்விட்ட பிறகு, விரலில் மை எதற்கு? பெயர், வயது, முகவரி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டால் போதாதா? கேள்வி எளியது. ஆனால் விடையைத் தேடிப் போனால் மருத்துவம், வேதியியல், கணக்கு மூன்றும் அதில் கலந்திருப்பதைக் காணலாம்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். போலியோவை உண்டாக்குவது ஒரு வைரஸ். அது வாய் வழியாக உள்ளே செல்கிறது, குடலில் பெருகுகிறது, மலத்தோடு வெளியேறுகிறது. அசுத்தமான நீர், கழுவாத கை ஆகியவற்றின் மூலம் இன்னொரு குழந்தையின் வாயை அடைகிறது. சிலருக்கு இந்த வைரஸ் நரம்பு மண்டலத்தைத் தாக்கி, கால் அல்லது கையை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. அப்படிச் செயலிழந்த உறுப்பை மீட்டுத் தரும் மருந்து எதுவும் இல்லை.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. வைரஸ் தொற்றியவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் இத்தகைய முடக்கம் ஏற்படுகிறது. மற்றவர்களில் பெரும்பாலோர்க்கு எந்த அறிகுறியும் இராது. சிலருக்கு லேசான காய்ச்சலோடு போய்விடும். அதாவது, ஓர் ஊரில் ஒரு குழந்தைக்குக் கால் முடங்கிவிட்டது என்று தெரியவரும்போது, ஏறக்குறைய 200 பேரிடம் அந்த வைரஸ் ஏற்கெனவே போய்வந்துவிட்டது என்று பொருள். ஆகவே, நோய் வந்தவர்களைத் தேடிப் பயனில்லை. மருந்து கிடைக்காதவர்களைத் தேட வேண்டும்.

ஒரே நேரத்தில் ஏன்?

குழந்தை பிறந்தவுடனும், 6, 10, 14 வாரங்களிலும் சொட்டு மருந்து கொடுப்பது வழக்கம். அப்படியிருக்க, தனியாக ஒரு நாள் குறித்து 5 வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் மீண்டும் கொடுப்பானேன்?

சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள போலியோ வைரஸ். அது குடலில் தங்கி, உடலுக்கு எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொடுக்கிறது. பிறகு நோய் தரும் வைரஸ் வந்தால் அதற்கு அங்கே பெருக இடம் கிடைப்பது அரிது. ஓர் ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் சில நாட்களுக்குள் மருந்து கொடுத்துவிட்டால், நோய் தரும் வைரஸ் குடியேற எந்தக் குடலும் காலியாக இருக்காது. அது பரவ வழியின்றி அழியும். நாடித் துடிப்புப் போல விட்டுவிட்டு, ஒரே வீச்சில் கொடுப்பதால் இதற்குப் ‘பல்ஸ்’ முறை என்று பெயர் வந்தது. இம்முறையை நம் தமிழ்நாட்டில் வலியுறுத்தி, வேலூரில் நடத்திக் காட்டியவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான். பின்னர் 1995 டிசம்பரில் இந்தியா முழுவதும் பல்ஸ் போலியோ திட்டம் தொடங்கப்பட்டது.

இத்திட்டத்தின் வலிமையே அதன் பலவீனமும் ஆகும். ‘எல்லாக் குழந்தைகளும்’ என்ற சொல்லில் ஓட்டை விழக் கூடாது. விழுந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கத்தான் அந்த மைப் புள்ளி.

கொல்லிமலையில் ஒரு கணக்கு

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாக இருப்பது கொல்லிமலை. மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், வளப்பூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று ‘நாடு’ என முடியும் ஊராட்சிகள் பரந்து கிடக்கின்றன. வீடுகள் ஒரே தெருவில் வரிசையாக இருப்பதில்லை. மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் பலா மரமும் அன்னாசியும் உள்ள தோட்டங்களுக்கு நடுவே சிறுசிறு குடியிருப்புகளாகச் சிதறி இருக்கின்றன. சிலவற்றுக்கு நடந்துதான் போக வேண்டும்.

இப்படிப்பட்ட ஒரு குடியிருப்பில் 20 குழந்தைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மருந்து கொடுக்கும் நாளில் 17 பேர் மையத்துக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் வீடு வீடாகப் போகிறார்கள். மீதி 3 பேரை எப்படிக் கண்டுபிடிப்பது?

வாயால் கேட்கலாம். “குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுத்தாச்சா?” என்று கேட்டால், “கொடுத்தாச்சுங்க” என்று பாட்டி சொல்லுவார். அவர் பொய் சொல்லவில்லை. போன மாதம் தடுப்பூசி போட்டபோது கொடுத்ததை அவர் நினைவில் வைத்திருக்கிறார்! அட்டையைக் கேட்கலாம். அட்டை வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும். குழந்தையோ அம்மாவின் இடுப்பில் சோளக்காட்டுச் சந்தையில் இருக்கும். நோட்டைப் பார்க்கலாம். குழந்தைக்கு மருந்து கொடுத்தது மலையடிவாரத்திலுள்ள ஒரு பேருந்து நிலையமாக இருந்தால், அந்த நோட்டு அங்கே இருக்கும்.

விரலோ, குழந்தை போகும் இடமெல்லாம் கூடவே போகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு வெளியூர் சென்றிருந்தாலும், அங்குள்ள பணியாளருக்கு அந்தப் புள்ளி புரியும். ஒரு விரலைப் பார்க்க இரண்டு வினாடி போதும்.

புள்ளி, குழந்தையின் விரலோடு நிற்பதில்லை. வீட்டுக்கும் அடையாளம் உண்டு. அந்த வீட்டிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கிடைத்துவிட்டால் சுவரில் சாக்கட்டியால் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து இடப்படும். ஒரு குழந்தை விடுபட்டிருந்தாலும், வீடு பூட்டிக் கிடந்தாலும் ‘எக்ஸ்’ எழுத்து. ‘எக்ஸ்’ இட்ட வீட்டுக்குக் குழு மீண்டும் போயாக வேண்டும்.

நல்ல மைக்கு இலக்கணம்

விரலில் வைக்கும் மை என்றதும் உங்களுக்குத் தேர்தல் மை நினைவுக்கு வரும். 1962 பொதுத் தேர்தலில் அது பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. மைசூரில் உள்ள மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. அதில் உள்ள முக்கியப் பொருள் வெள்ளி நைட்ரேட். தோலில் வியர்வையால் உண்டான உப்பு இருக்கிறது அல்லவா? அதிலுள்ள குளோரைடுடன் வெள்ளி நைட்ரேட் சேர்ந்து வெள்ளி குளோரைடு ஆகிறது. இது நீரில் கரையாது. வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். சோப்புக்கும் அசையாது. தோலில் உள்ள கறை, மேல்தோல் உதிரும்போது போகும். நகத்தில் உள்ளது, நகம் வளர்ந்து வெட்டப்படும் வரை இருக்கும். கைவிரல் நகம் மாதத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

குழந்தையின் விரலுக்கு இன்னும் சில நிபந்தனைகள் உண்டு. குழந்தை விரலைச் சூப்பும். ஆகவே மை நச்சற்றதாக இருக்க வேண்டும். உடனே உலர வேண்டும். தேடும் பணி முடியும் வரை அழியக் கூடாது. ஆனால் என்றென்றைக்கும் நிற்கவும் கூடாது! ஏன்? அடுத்த சுற்று மருந்து கொடுக்க வரும்போது பழைய புள்ளி அழியாமல் இருந்தால், பணியாளர் ஏமாந்துபோவார். வேண்டிய காலம் வரை நின்று, பிறகு மறைவதே நல்ல அடையாளத்திற்கு இலக்கணம்.

இன்னொரு விதியும் உண்டு. முதலில் மருந்து, பிறகு மை. இந்த வரிசை மாறக் கூடாது. மையை முதலில் வைத்து, குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டால், மருந்து பெறாத குழந்தை பெற்ற குழந்தையின் அடையாளத்தோடு திரியும். அடையாளம் இல்லாமையால் வரும் தீங்கு சிறிது. ஒரு குழந்தைக்கு இருமுறை மருந்து கிடைக்கும், அவ்வளவே. அதனால் கெடுதல் இல்லை. பொய்யான அடையாளத்தால் வரும் தீங்கோ பெரிது.

மருந்துப் புட்டிக்கும் ஒரு புள்ளி

மலையேறும் மருந்துக்கு ஒரு பகை உண்டு, அது வெப்பம். உயிருள்ள வைரஸ் வெப்பத்தில் செயலிழந்துவிடும். ஆதலால் குளிர்பெட்டியில் பனிக்கட்டி உறைகளுக்கு நடுவே வைத்து எடுத்துச் செல்கிறார்கள். வழியில் பெட்டி சூடாகிவிட்டதா என்பதை எப்படி அறிவது?

புட்டியின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் ஒரு வட்டம் இருக்கும். அதற்குள் ஒரு சதுரம். சதுரத்தில் பூசியுள்ள பொருள் வெப்பம் படப்பட மெல்ல நிறம் கறுக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நல்லது. சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டால், அல்லது சதுரம் மேலும் கறுத்துவிட்டால், அதைக் கொடுக்கக் கூடாது. குழந்தைக்கு விரலில் அடையாளம்; மருந்துக்குப் புட்டியில் அடையாளம்!

மலையிலிருந்து கடலுக்கு

இதே சிந்தனை கடலிலும் உண்டு. 2020 பிப்ரவரியில், ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ என்ற உல்லாசக் கப்பல் தனிமைப்படுத்தப்பட்டது. அதில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. மூடிய அறைகள், பொதுவான உணவுக்கூடம், நெருக்கம் ஆகியவை கப்பலை நோய் பரவ ஏற்ற இடமாக்கிவிட்டன. தடுப்பூசி வந்த பின், 2021இல் கப்பல்கள் மீண்டும் புறப்பட்டபோது, சிலவற்றில் தடுப்பூசி போட்டவர்களை அடையாளம் காண மணிக்கட்டில் பட்டை கட்டினார்கள். எந்த இடத்தில் யார் முகக்கவசமின்றி இருக்கலாம், எந்தக் கூடத்தில் அமரலாம் என்பதை அந்தப் பட்டையைப் பார்த்து முடிவு செய்தார்கள்.

பட்டைக்கும் புள்ளிக்கும் வேறுபாடு என்ன? பட்டையைக் கழற்றி இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். விரல் மையைக் கொடுக்க முடியாது. இது சிறிய வேறுபாடு. பெரிய வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. கப்பலில், பட்டை இல்லாதவர் ஒதுங்கி நிற்க வேண்டும். கொல்லிமலையில், புள்ளி இல்லாத குழந்தையைத் தேடி மருந்து போகிறது. புள்ளி இல்லாத குழந்தை தவறு செய்ததாக யாரும் கருதுவதில்லை. அக்குழந்தையை இன்னும் போய்ச் சேராதது நம் குறை என்றே கருத வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கையும் உண்டு. அடையாளம் காட்டுவது ‘மருந்து தரப்பட்டது’ என்பதை மட்டுமே. ‘இவருக்கு நோய் வராது’ என்பதை அல்ல. கொரோனா தடுப்பூசி போட்டவரும் நோயைப் பரப்பக்கூடும். போலியோவிலும் ஒரு வேளை சொட்டு மருந்து எல்லாக் குழந்தைக்கும் முழுக் காப்பு அளிப்பதில்லை. அதனால்தான் பலமுறை கொடுக்கிறார்கள். தடுப்பூசியாகவும் போடுகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குச் செல்வோர் கொண்டு செல்லும் மஞ்சள் அட்டைகூட, முதல்முறை ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே செல்லுபடியாகும். ஏனெனில் உடல் எதிர்ப்பாற்றலைப் பெற அவ்வளவு காலம் தேவை.

தாத்தாவின் கைத் தழும்பு

மையும் அட்டையும் இல்லாமல் உடலே எழுதிவைத்த சான்றும் ஒன்று உண்டு. உங்கள் தாத்தா பாட்டியின் கையைப் பாருங்கள். காசு அளவில் அம்மைத் தழும்பு இருக்கலாம். அது பெரியம்மைக்கு எதிராக அவர்கள் குத்திக்கொண்ட தடுப்பூசியின் அடையாளம். 1980 மே மாதத்தில் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. எனவே உங்கள் கையில் அந்தத் தழும்பு இல்லை. அது இல்லாமற் போனதே அதன் வெற்றி!

போலியோவும் அவ்வழியில் வந்துகொண்டிருக்கிறது. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் இந்தியாவில் நேர்ந்த கடைசிப் பாதிப்பு, 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு குழந்தைக்கு ஏற்பட்டது. 2014 மார்ச் 27 அன்று, இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றது என்று சான்று பெற்றது. மூவகைப் போலியோ வைரஸ்களில் இரண்டாம் வகை 2015இலும், மூன்றாம் வகை 2019இலும் ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டன. எஞ்சியிருப்பது முதல் வகை. அது பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் வேரறுக்கப்படவில்லை. வைரஸுக்கு எல்லைக் கோடு தெரியாது. ஆகவே நாம் ஓய்ந்துவிட முடியாது.

அடுத்த முறை சொட்டு மருந்து நாள் வரும்போது, உங்கள் தெருவிலுள்ள சின்னஞ்சிறு சுண்டு விரல்களை நீங்களும் எண்ணிப் பாருங்கள். எத்தனை விரலில் புள்ளி இருக்கிறது என்று எண்ணாதீர்கள். எத்தனை விரலில் இல்லை என்று எண்ணுங்கள். அந்த எண் பூச்சியம் ஆகவில்லையென்றால், அக்குழந்தைகளின் வீட்டாரிடம் சொல்லுங்கள்; அருகிலுள்ள மையத்திற்கு வழி காட்டுங்கள். அதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. கவனிக்கும் கண்கள் இருந்தால் போதும்.