புகையிலை ஆண்களின் குழந்தைப்பேற்றைப் பாதிக்குமா? சிப்காட் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

'கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சு, இன்னும் விசேஷம் இல்லையா?' இந்தக் கேள்வி பெரும்பாலும் பெண்களிடம்தான் கேட்கப்படுகிறது. ஆனால் குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. அதில் ஆண்கள் தாங்களே நிறுத்திவிடக்கூடிய ஒன்று, புகையிலை.

கடலூர் - சிதம்பரம் சாலையில் உள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் ரசாயன, மருந்து ஆலைகள் அதிகம். தீ அபாயம் உள்ள இடத்தில் பீடி, சிகரெட் பற்றவைக்க முடியாது. இதுபோன்ற வேலையிடங்களில், 'புகைதானே கெடுதல், வாயில அடக்கிக்கிட்டா ஒண்ணும் ஆகாது' என்று நினைப்பவர்கள் உண்டு. அது உண்மையில்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

* புகையிலையில் உள்ள காட்மியம், ஈயம் போன்றவை ரத்தத்தில் கலந்து விந்தணு உற்பத்தியைப் பாதிக்கின்றன.
* விந்தணுவின் எண்ணிக்கை, நீந்தும் வேகம், வடிவம் மூன்றும் குறையலாம். அதிலுள்ள டிஎன்ஏவும் சேதமடையலாம்.
* நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் விறைப்புத்தன்மைக் குறைபாடும் வரலாம்.

மும்பையில் குழந்தையின்மைப் பரிசோதனைக்கு வந்த, புகையிலை மெல்லும் 638 ஆண்களை ஆராய்ந்த முடிவுகள் 2005-ல் வெளியாகின. மெல்லும் அளவு கூடக்கூட விந்தணுக்களின் தரம் குறைந்தது அதில் தெரியவந்தது.

ஆலைதானே காரணம்?

ஈயம், சில கரைப்பான்கள், அதிக வெப்பம் ஆகியவையும் விந்தணுக்களைப் பாதிக்கும். ஆகவே கையுறை, முகக்கவசம் கேட்பது தொழிலாளியின் உரிமை. ஆனால் ரசாயனம் பட்ட கையோடு புகையிலையை எடுத்து வாயில் வைத்தால், ரெண்டும் சேர்ந்தே உள்ளே போகும்.

விட்டால் சரியாகுமா?

ஒரு விந்தணு உருவாக சுமார் 74 நாட்கள் ஆகும். அதனால் இன்றைக்கு நிறுத்தினால், பலன் தெரிய குறைந்தது 3 மாதம் பொறுக்க வேண்டும். முழுமையாக எல்லோருக்கும் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. விதைப்பை நரம்பு வீக்கம் போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம்.

ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லை என்றால் கணவன், மனைவி இருவருமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். விந்து பரிசோதனை எளிமையானது. 2 முதல் 7 நாட்கள் உடலுறவைத் தவிர்த்துவிட்டுப் போனால் போதும்.

புகையிலையை விட உதவி தேவையா? மத்திய அரசின் இலவச எண்: 1800-11-2356.