பலர்க்காக ஒருவர் வழக்காடுதல்

2025ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி எம். எஸ். சி. எல்சா 3 என்னும் கொள்கலக் கப்பல் கேரளக் கரைக்கப்பால் மூழ்கிற்று. அடுத்த மாதமே, அதனின்று சிதறியனவெனக் கருதப்பட்ட பிளாஸ்ரிக் மணிகள் மன்னார்க் கரையிலும் ஒதுங்கலாயின. இத்தகைய கேட்டினாற் பேசாலைக் கடற்றொழிலாளி ஒருவர்க்குச் சில நாட்டொழில் கெட்டதெனக் கொள்வோம். அவர் நட்டஈடு கோரித் தனியே வழக்குத் தொடுப்பின், செலவு நட்டத்தை விஞ்சிவிடும். அவரைப் போன்றோர் ஆயிரவர் இருப்பினும், ஆயிரஞ் சிறு நட்டங்கள் தனித்தனியே நிற்குமிடத்து எவரையும் அசைக்கமாட்டா. தீங்கிழைத்தோர்க்கு இதனினும் வாய்ப்பான நிலை வேறில்லை.

இலங்கைச் சட்டம் இதனை அறவே மறந்ததென்று கூறுதற்கில்லை. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 16ஆம் பிரிவு, பொதுநலன் கொண்ட பலர்க்காக ஒருவரோ சிலரோ மன்றின் அனுமதி பெற்று வழக்காடலாம் என்கின்றது. ஏனையோர்க்கு நேரிலும், அஃது இயலாவிடத்துப் பகிரங்க விளம்பரத்தாலும் அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். இங்கிலாந்தின் ஒப்புரவு நீதிமன்றுகளில் வளர்ந்த முறையே இது. கரையிற் படகிழுக்கும் வழியை ஒருவர் வேலியிட்டு மறிப்பாராயின், ஊரார்க்காக இருவர் மூவர் சென்று தடைக்கட்டளை பெற இப்பிரிவு நன்கு பயன்படும்; வேண்டப்படும் பரிகாரம் அனைவர்க்கும் ஒன்றேயன்றோ?

நட்டஈட்டு வழக்கிலேதான் இடர்ப்பாடு. ஒருவர் இழந்தது வலை; மற்றொருவர் இழந்தது பத்து நாட் கூலி; கருவாடு போடும் பெண்ணுக்கோ மீனே வரவில்லை. இவர்தம் நலன் பொதுவா, வேறு வேறா? இந்தியாவிலும் இவ்வினா எழுந்தது. தமிழ்நாடு வீடமைப்பு வாரியம் எதிர் கணபதி என்னும் வழக்கில், 1990ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம், வழக்கெழு காரணம் ஒன்றாயிருத்தல் வேண்டியதில்லை, நலன் ஒன்றாயின் அமையும் எனத் தீர்த்தது. வீட்டுமனை பெற்றோரிடம் வாரியம் மேலதிக விலை கேட்டமையே அங்குப் பூசல். அத்தீர்ப்பு நமது மன்றுகளைக் கட்டுப்படுத்தாது, வழிகாட்டத் தடையில்லை.

அமெரிக்காவில் 1938இல் எழுந்து 1966இல் திருத்தப்பெற்ற 23ஆம் விதி இன்னும் ஒரு படி சென்றது. பொது வினாக்களே மேலோங்கி நிற்பின் நட்டஈட்டையும் குழுவாகக் கோரலாம். விலக விரும்புவோர் விலகலாம். விலகாதார் அனைவரையும் தீர்ப்புப் பிணிக்கும். அவுஸ்திரேலியச் சமஷ்டி நீதிமன்றத்தில் 1992 முதல் இத்தகைய முறை உண்டு. சட்டத்தரணிகள் பெருஞ் செல்வராக, குழுவினர்க்குச் சில்லறை மாத்திரம் எஞ்சிய வழக்குகளும் அமெரிக்காவிற் காணப்பட்டன. அங்குச் சமரசத்துக்கு நீதிபதியின் ஒப்புதல் விதிக்கப்பட்டுள்ளது.

எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலழிவு (2021) தொடர்பாக இலங்கை உயர் நீதிமன்றம் 2025 யூலை 24இல் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு விதித்தது. நட்டங்களை மதிப்பிட ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது. ஆயினும் அவை குடியியல் வழக்குகளல்ல. அடிப்படை உரிமை மனுக்கள். அரசின் செயலோ செயலின்மையோ காட்டப்படல் வேண்டும். மனுவும் ஒரு மாதத்துள் இடப்படல் வேண்டும். தனியார் நிறுவனம் மாத்திரமே குற்றவாளியாயின் அக்கதவு திறவாது.

எனவே 16ஆம் பிரிவை விரித்தல் வேண்டும். பொறுப்பு யாரதென்பதைப் பொதுவாகத் தீர்த்துவிட்டு, அவரவர் நட்டத்தைப் பின்னர் எளிய விசாரணையால் அளந்து வழங்கலாம். அறிவித்தல் கொழும்புப் பத்திரிகையின் மூலையில் மாத்திரம் வெளிவந்தாற் போதாது. கடற்றொழிலாளர் சங்கத்திலும், தேவாலயம், பள்ளிவாசல், கோயில் வாயில்களிலும், கரைவலை இழுக்கும் துறையிலும் ஒட்டப்படல் வேண்டும். தீங்குக்கான நட்டஈட்டு வழக்குக்குச் சட்டந் தரும் காலம் இரண்டே ஆண்டு. குழு வழக்கு நிலுவையில் இருக்கையில் அதிலடங்கிய ஒவ்வொருவர்க்கும் அக்காலம் ஓடாது நிற்குமெனவும் விதித்தல் வேண்டும். அன்றேல், குழு தகாதென்று மன்று தள்ளும் நாளில் வங்காலைத் தொழிலாளிக்குத் தனிவழக்கும் இல்லாதொழியும்.