இளவட்டக்கல் முதல் 'ஆல்ஃபா' ரீல்ஸ் வரை: கெத்து காட்டினால் பெண்களுக்குப் பிடிக்குமா?

குழித்துறையில் காலை ரயில் ஏறி திருவனந்தபுரம் போகிற பசங்களில் யாராவது ஒருத்தர் மொபைலில் 'ஆல்ஃபா ஆண்' ரீல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். "கம்மியா பேசு, மெசேஜுக்கு லேட்டா ரிப்ளை பண்ணு, பொண்ணு தானா வரும்" என்பதுதான் பாடம். நிஜமாவே வருமா?

முதலில் அந்த 'ஆல்ஃபா'வைப் பார்த்துவிடலாம். ஓநாய்க் கூட்டத்தில் சண்டை போட்டு ஜெயிப்பதே தலைவன் என்ற கருத்தைப் பிரபலமாக்கியது, ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ல் வெளியிட்ட புத்தகம். ஆனால் காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் கொண்ட ஒரு குடும்பம்தான் என்று 1999-ல் அவரே எழுதினார். ரீல்ஸ் போடுபவர்களுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

சரி, நம்ம ஊர் மரபு? தென்மாவட்டங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கியவனுக்கே பெண் என்று சொல்வார்கள். உடம்பு உழைப்பே வருமானமாக இருந்த காலத்தில் அது வீரத்தைவிட, ஒருவகை வேலைக்கான இன்டர்வியூ என்றுதான் தோன்றுகிறது. இன்று நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு நடக்கும் போட்டியில் பெண்களும் அந்தக் கல்லைத் தூக்குகிறார்கள்.

'சம்பாதிச்சு வீட்டை ஆளுறவன்தான் ஆம்பளை' என்பதும் இங்கே அவ்வளவு பழசு இல்லை. நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள்வழி முறை இருந்தது. ஆணின் குடும்பச் சொத்து அவர் பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். அந்த வீடுகளில் மனைவியும் குழந்தைகளும் பட்ட பாட்டைத்தான் கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' என்று கிண்டலாகப் பாடினார். திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டு அதை மாற்றியது 1926-ல். இன்னும் 100 வருஷம்தான் ஆகிறது!

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? டேவிட் பஸ் 1989-ல் வெளியிட்ட, இந்தியாவையும் சேர்த்த 37 சமூகங்களின் ஆய்வில், துணையின் வருமான வாய்ப்புக்கு ஆண்களைவிடப் பெண்கள் அதிக மதிப்பு கொடுத்தார்கள். அது உண்மை. ஆனால் இரு தரப்பும் அதைவிட மேலே வைத்தது அன்பையும் நம்பகத்தன்மையையும். 1995-ல் அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வு நேரடியாகவே 'கெத்தை' சோதித்தது. ஆதிக்கமான ஆண் பெண்களுக்கு ஈர்ப்பாகத் தெரிந்தது, அவனிடம் மற்றவர்மேல் அக்கறையும் இருந்தபோது மட்டும்தான். தன்னம்பிக்கை எடுபடுகிறது, அதட்டல் எடுபடவில்லை.

குழித்துறை மாதிரி ஊரில் 'டேட்டிங்' என்பது பலருக்கு ஆப்பில் தொடங்குவதில்லை. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே போனில் பேசிக்கொள்ளும் சில மாதங்கள்தான் அது. அங்கேதான் சிக்கல். "யாருகூட பேசிட்டு இருந்தே? அந்த போட்டோவ தூக்கு. பாஸ்வேர்டு சொல்லு." பையன் இதை உரிமை, பாசம் என்று நினைக்கிறான். சினிமாவும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கோ வரப்போகிற முப்பது வருஷத்தின் டிரெய்லர் அது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம் இருந்த மாவட்டம் இது. நர்ஸாகவும் ஐ.டி. வேலையிலும் சொந்தமாகச் சம்பாதிக்கும் பெண்ணுக்கு, வேண்டாம் என்று சொல்வது முன்பைவிடச் சுலபம். முழுக்கச் சுலபம் என்று சொல்லமாட்டேன். நிச்சயம் முறிந்தால் ஊர் இன்னமும் பெண்ணைத்தான் பேசும்.

இதில் பசங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ரீல்ஸ் பார்த்து ஏமாறும் பலருக்கு நிஜப் பயம் வேலை பற்றியது. கல்லுக்குப் பதிலாக வெளிநாட்டு வேலையும் அரசு வேலையும் வந்தன, சோதனை மட்டும் போகவில்லை. வேலை இல்லாத பையனின் ஜாதகத்தை வாங்கக்கூட ஆள் இல்லை. பழைய ஆண்மையின் அந்த ஒரு விதியை விடாமல் பிடித்திருப்பது பெரும்பாலும் பெண் வீட்டார்தான்.

"மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று பெண்ணின் அப்பா கேட்டு முடித்திருப்பார். பெண்ணின் கேள்வி அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும்: "எனக்கு மாசத்துல ரெண்டு வாரம் நைட் ஷிஃப்ட். உங்க வீட்ல பிரச்சினை இல்லையே?"