எரிமலைகளின் வீதி – 5: ஏறுவது மேலே, உறங்குவது கீழே

சென்ற வாரம் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட்டை ஈக்வடாரின் சிம்போராசோ எரிமலைச் சரிவில் விட்டிருந்தோம். 1802 ஜூன் 23 அன்று ஈறுகளில் ரத்தம் கசிய, எதிரே பெரும் பிளவு குறுக்கிட, அவர் உச்சியைத் தொடாமலே இறங்கினார். அந்த உச்சியில் முதல் மனிதக் கால் பட மேலும் 78 ஆண்டுகள் ஆயின. அந்த வெற்றியின் கதை ஒரு பெரிய பின்னடைவில்தான் தொடங்குகிறது.

எட்வர்ட் விம்ப்பர் இங்கிலாந்துக்காரர்; மரத்தில் படம் செதுக்குவது அவர் தொழில். ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்ன் சிகரத்தை 1865இல் முதலில் தொட்டவர். அதே சிகரத்தை மூன்றே நாள் கழித்து இத்தாலிப் பக்கமிருந்து எட்டியவர் ழான்-அந்துவான் கரேல். அன்று போட்டியாளராக இருந்த கரேலைத்தான் விம்ப்பர் ஈக்வடாருக்கு வழிகாட்டியாக அழைத்து வந்தார். கரேலின் உறவினர் லூயியும் உடன் வந்தார். மலையேற்றத்தில் இந்த மூவரையும் மிஞ்ச அந்தக் காலத்தில் ஆள் குறைவு.

1879 டிசம்பர் கடைசியில் சிம்போராசோவில் சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் கூடாரம் போட்டார்கள். சற்று நேரத்தில் மூவரும் சாய்ந்துவிட்டார்கள். தலை பிளக்கும் வலி, காய்ச்சல், வாயைத் திறந்து காற்றுக்குத் தவித்த மூச்சு. எழுந்து ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. கூட வந்த பெரிங் என்பவர் நடையில் இவர்களைவிட மிகவும் பலவீனமானவர். அவரோ பெரிய தொல்லை ஏதுமின்றி நடமாடிக்கொண்டிருந்தார். உயரம் யாரைத் தாக்கும் என்பதை உடல் வலிமையை வைத்துக் கணிக்க முடியாது என்ற உண்மை அன்று அந்தக் கூடாரத்தில் வெளிப்பட்டது.

விம்ப்பர் மலையை விட்டு ஓடவில்லை. உடம்பு தேறும்வரை பொறுத்திருந்தார். 1880 ஜனவரி 4 அன்று விம்ப்பரும் இரு கரேல்களும் உச்சியை அடைந்தார்கள். அதன்பின் பிப்ரவரியில், குறைந்த காற்றழுத்தத்தை உடம்பு எப்படித் தாங்குகிறது என்று அறிவதற்காகவே கோட்டோபாக்ஸி எரிமலையின் உச்சியருகில் 26 மணி நேரம் தங்கினார்கள். கீழேயிருந்து வந்த சூட்டில் கூடாரத்தின் ரப்பர் தரை நாறத் தொடங்கியது. ஆனால் முதல் முகாமில் அடித்துப் போட்டதுபோல் உயரம் அவர்களை வீழ்த்தவில்லை. ஆட்கள் அதே மூவர்தான். இடையில் கழிந்த நாட்கள்தான் அவர்களை மாற்றியிருந்தன.

உடம்புக்குள் நடப்பது

மலை மேலே காற்றில் ஆக்ஸிஜன் விகிதம் குறைவதில்லை. சென்னைக் கடற்கரையானாலும் சிம்போராசோ உச்சியானாலும் அது 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். சுமார் 5,500 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் பாதி.

கழுத்துத் தமனியில் இருக்கும் நுண்ணிய உணரிகள் இதை உடனே கண்டுகொண்டு மூச்சை வேகப்படுத்துகின்றன. வேகமாக மூச்சுவிட்டால் கரியமில வாயு அதிகம் வெளியேறும், ரத்தத்தில் காரத்தன்மை ஏறும். உடனே மூளை மூச்சைக் குறைக்கச் சொல்லும். இந்த இழுபறியில்தான் முதல் இரவுகளில் தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று, பிறகு திடுக்கிட்டதுபோல் மீண்டும் வருகிறது. கூடுதல் காரத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிய பிறகே மூச்சு தடையின்றி வேகமெடுக்க முடியும். அதற்குச் சில நாட்கள் வேண்டும். மருத்துவர்கள் எழுதித்தரும் அசிட்டசோலமைடு மாத்திரை இந்த வேலையைத்தான் விரைவுபடுத்துகிறது.

சிவப்பணுக்கள் பெருகுவதால்தான் உடம்பு பழகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது வாரக்கணக்கில் நடக்கும் வேலை. பத்துப் பன்னிரண்டு நாள் பயணத்தில் ஒருவரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் மூச்சும் சிறுநீரகமும்தான்.

அவகாசம் தராமல் உயரத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை இந்தியாவே நேரில் கண்டது. 1962 இந்திய-சீனப் போர்க்காலத்தில் சமவெளியிலிருந்து இமயத்தின் உயரங்களுக்கு வீரர்கள் அவசரமாக அனுப்பப்பட்டார்கள். அப்படி உயர்மலை நோய்க்கு ஆளான 1,925 வீரர்களைப் பற்றி இந்தர் சிங் தலைமையிலான ராணுவ மருத்துவர்கள் 1969இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று.

மலைகளே படிக்கட்டு

ஈக்வடாரின் தனிச்சிறப்பு இங்கேதான் தெரிகிறது. ஹம்போல்ட் எரிமலைகளின் வீதி என்று அழைத்த இந்தப் பள்ளத்தாக்கில், ஒன்றைவிட ஒன்று உயரமான எரிமலைகள் ஒரு நாள் பயண தூரத்துக்குள் வரிசையாக நிற்கின்றன. நல்ல வழிகாட்டி இந்த வரிசையைத்தான் மருந்தாகப் பயன்படுத்துகிறார்.

தலைநகர் குவிட்டோவே 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வந்திறங்கியவர்களை முதலிரண்டு நாள் அங்கேயே நடமாட விடுகிறார்கள். பிறகு நகரை ஒட்டிய பிச்சிஞ்சா எரிமலை. ரோப் காரில் 3,900 மீட்டர் தாண்டிவிடலாம். அங்கிருந்து ருக்கு பிச்சிஞ்சா சிகரம்வரை சுமார் 4,700 மீட்டருக்கு நடை, சில இடங்களில் கையூன்றி ஏறும் பாறை. மாலையில் மறுபடி குவிட்டோவுக்கே வந்து தூக்கம். பகலில் உயரத்தைக் காட்டி உடம்பைத் தூண்டுவதும், இரவில் கீழே இறக்கி ஆறவிடுவதும்தான் மொத்த முறையின் சாரம்.

அடுத்தது 5,126 மீட்டர் உயர இலினிசா நார்த்தே. இது பாறை மலை; பெரிய பனியாறு இல்லை. பனியாற்றுப் பாடம் 5,790 மீட்டர் கயாம்பேயில் நடக்கும். பூமத்திய ரேகை இந்த மலையின் தென்சரிவைக் கடந்து செல்கிறது. அந்த ரேகையின் மிக உயர்ந்த இடமும் அதுதான். அங்கே பூட்ஸுக்கடியில் இரும்பு முட்களை மாட்டி நடப்பது, வழுக்கினால் பனிக்கோடரியைக் குத்தி நிற்பது, ஒரே கயிற்றில் இடைவெளி விட்டு நகர்வது எல்லாம் சொல்லித்தருகிறார்கள்.

பிறகுதான் 5,897 மீட்டர் கோட்டோபாக்ஸி. அதன் ஹோசே ரிவாஸ் குடில் 4,864 மீட்டரில் இருக்கிறது. மாலையிலேயே சாப்பிட்டுப் படுத்து, நள்ளிரவில் தலைவிளக்கோடு கிளம்புகிறார்கள். இரவுக் குளிரில் பனி இறுகியிருக்கும். வெயில் ஏறினால் அது இளகும், பாலம்போல் பிளவுகளை மூடிய பனி உடையும், கற்கள் உருளும். காலை ஏறும்முன் உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிட வேண்டும்.

உயிரோடிருக்கும் எரிமலை என்பதால் பனியை மட்டும் பார்த்தால் போதாது. 1877 வெடிப்பில் உருகிய பனி சேற்று வெள்ளமாகப் பாய்ந்து லட்டாகுங்கா நகரைச் சூறையாடியது. 2015 ஆகஸ்டில் மலை மறுபடி விழித்தபோது ஏற்றம் தடை செய்யப்பட்டது. குவிட்டோவில் உள்ள தேசியப் பாலிடெக்னிக் கல்லூரியின் புவி இயற்பியல் நிலையம் இதை இரவு பகலாகக் கண்காணிக்கிறது.

இத்தனையும் முடிந்த பிறகே சிம்போராசோ. உயரம் 6,263 மீட்டர். நடுவில் உப்பிய பூமியின் வடிவத்தால், பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் இடம் இதன் உச்சி. அந்தக் கணக்கில் எவரெஸ்டைவிடச் சுமார் 2 கிலோமீட்டர் அதிகம். 1993 நவம்பரில் ஒரே பனிச்சரிவில் பத்து மலையேறிகளைப் பலிகொண்ட மலையும் இதுதான்.

திருப்பி அனுப்பும் உரிமை

பனிமூடிய உச்சிகளுக்கு ஈக்வடாரில் இன்று சான்றிதழ் பெற்ற வழிகாட்டி கட்டாயம். கோட்டோபாக்ஸியில் வழக்கமாக இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி. வழி காட்டுவது அவர் வேலையில் ஒரு பகுதி மட்டுமே. மூச்சு வாங்காமல் பேசும் அளவுக்கு நடையை மெதுவாக்குகிறார். தண்ணீர் குடித்தார்களா, சாப்பாடு இறங்கியதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒரு கோட்டின்மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொல்லிப் பார்க்கிறார். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். ஓய்வெடுத்தும் மூச்சிரைப்பு அடங்காமல் இருமல் வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுக்கும் முதல் மருந்து, நள்ளிரவானாலும் உடனே இறங்குவதுதான். உச்சி 100 மீட்டரில் தெரிந்தாலும் திரும்பச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதைக் கேட்டு நடப்பவரே மறுமுறை ஏற உயிரோடு இருப்பார்.

இப்படிப்பட்ட பயணத்துக்கு நீங்கள் பணம் கட்டுவதானால் விலைப் பட்டியலைப் பிறகு பாருங்கள். ஒவ்வொரு இரவும் எத்தனை மீட்டரில் தூங்க வைக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும் என்பதே உயர்மலை மருத்துவம் தரும் அளவுகோல். மலைக்குடில்களால் இதை ஓரிரவு மீற நேர்ந்தால், அதற்கு முந்திய நாட்களில் போதிய பழக்கம் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஐந்தே நாளில் சிம்போராசோ என்று யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். மேலே போன பிறகு தலைவலி வந்தால் மறைக்காதீர்கள், அன்றே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். தலைவலியோடு இன்னும் மேலே போய்த் தூங்காதீர்கள்.

(தொடரும்)