பெயர் சுமக்கும் பால்செம்பு

தைப்பூசத் திருநாள் நெருங்கிவிட்டால், நம் இல்லங்களில் பரண்மேல் கிடக்கும் பொருள்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகின்றன. தாத்தா சுமந்த காவடித் தண்டு, பெரியப்பாவின் வேல், பாட்டியின் பித்தளைக் குடம் ஆகியவை துலக்கப்பட்டுப் பூசை அறையில் இடம்பெறுகின்றன. 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கண்டுவரும் பத்துமலைத் திருத்தலத்திற்கு மெய்யன்பர்கள் ஏந்திச் செல்லும் பால்குடங்களில் புதியவை பல. தலைமுறை கடந்து வந்தவை சில. அச்சிலவற்றுள் ஒன்று எங்கள் வீட்டில் உள்ளது.

அது இரண்டு படி கொள்ளும் பித்தளைச் செம்பு. அதன் கழுத்தருகே, பாத்திரக் கடைக்காரர் உளியால் புள்ளி புள்ளியாகப் பொறித்த ஒரு பெண்ணின் பெயர் காணப்படுகிறது. அப்பெயர் எங்கள் குடும்பத்தார் எவருடையதும் அன்று.

என் பாட்டி 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்திறங்கியவர். கப்பல் தளத்தில் அருகருகே பாய் விரித்துப் படுத்த இரு இளம் பெண்கள் உற்ற தோழியர் ஆயினர். கரையேறிய பின்னரும் ஒரே ரப்பர்த் தோட்டம். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. அந்தச் செம்பு தோழியின் திருமணச் சீர்.

ஜப்பானியர் ஆட்சிக் காலமான 1943இல், தோழியின் கணவர் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். காட்டையும் மலையையும் ஊடறுத்து 415 கிலோமீட்டர் தொலைவுக்குப் போடப்பட்ட அப்பாதையில் மாண்ட மலாயாத் தமிழர்கள் பல்லாயிரவர். கணவர் நலமுடன் திரும்பினால் பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதாக, மஞ்சள் துணியில் காசு முடிந்து தோழி நேர்ந்துகொண்டார். மறு ஆண்டே மலேரியாக் காய்ச்சல் அவர் உயிரைக் கவர்ந்தது. கண்மூடும் முன் செம்பைப் பாட்டியிடம் ஒப்படைத்தார். முடிந்த காசு அதனுள்ளேயே இருந்தது.

1945இல் போர் முடிந்தது. சயாமிலிருந்து சிலர் திரும்பினர்; அவர் திரும்பவில்லை. ஆயினும், 1946 தைப்பூசத்தன்று பாட்டி அதே செம்பில் பாலேந்திப் பத்துமலைப் படியேறினார். கால் இயன்றவரை ஆண்டுதோறும் ஏறினார். "அவர்தான் வரவில்லையே பாட்டி, பிறகு எதற்கு இந்தக் கடன்?" என்று சிறுவனாக இருந்தபோது நான் கேட்டதுண்டு.

"முருகன்கிட்ட கணக்குப் பார்க்க நாம யாருப்பா?" என்றார் பாட்டி.

பாட்டிக்குப் பின் அம்மா அக்கடமையை ஏற்றார். தோட்டம் துண்டாடப்பட்டு, நாங்கள் அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்தபோது, அண்டாக்களும் தவலைகளும் பழைய சாமான் வியாபாரியிடம் எடைக்குச் சென்றன. செம்பை மட்டும் அம்மா தம் மடியில் வைத்துக்கொண்டே லாரியில் வந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் மகள் முதன்முறையாகப் பால்குடம் எடுக்க முன்வந்தாள். புளியும் சாம்பலும் இட்டுச் செம்பைத் துலக்கியவள், "அப்பா, இந்த எழுத்து தேய்ந்துபோயிருக்கிறதே, யாருடைய பெயர்?" என்று வினவினாள். நான் திடுக்கிட்டேன். ஆண்டுதோறும் நாங்கள் பக்தியுடன் துலக்கியதே அப்பெயரைத் தேய்த்திருக்கிறது! அவ்வரலாற்றையும் நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே காலம் கடத்தியிருக்கிறேன்.

தேய்ந்ததை அழித்துவிட்டு நம் குடும்பப் பெயரையே பொறிக்கலாம் என்றார் உறவினர் ஒருவர். அம்மா இசையவில்லை. "நமக்கு ஏறிப்போகப் பிள்ளைங்க இருக்காங்க. அவளுக்கு யாரு இருக்கா?" என்றார். பாத்திரக் கடையில் கொடுத்து, பழைய புள்ளிகளின் மீதே மீண்டும் ஆழமாகப் பொறித்து வாங்கினோம். அம்மா சொல்லச் சொல்ல மகள் அவ்வரலாற்றை ஒரு தாளில் எழுதி, அந்தப் பழைய காசுடன் மஞ்சள் துணியில் முடிந்து பூசை அறையில் வைத்திருக்கிறாள்.

அன்பர்களே, உங்கள் பரண்மீதும் இத்தகைய பொருள் ஒன்று இருக்கக்கூடும். அது யாருடையது, எந்த வேண்டுதலுக்காக வந்தது என்பதை வீட்டுப் பெரியோரிடம் இந்தத் திருவிழாக் காலத்திலேயே கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் மறைந்தபின் சொல்வதற்கு எவருமிலர்.

முருகப்பெருமான் திருவருளால் இவ்வாண்டும் 272 படிகளில் அச்செம்பு ஏறும். என் மகள் சுமப்பாள். முன்னே பிறர் காணும் பக்கத்தில் தோழியின் பெயர் இருக்கும்.